சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்குக் கட்டுரை தேடுவது எப்படி? நூலகரிடம் எப்போது போவது, எதைக் கொண்டுபோவது?

பாகாயம், அடுக்கம்பாறை, காட்பாடி, சேர்க்காடு என்று வேலூரைச் சுற்றி எந்த வளாகத்துக்குப் போனாலும் முதுநிலை மாணவர்களுக்குக் கைடு சொல்லும் முதல் வேலை ஒன்றுதான்: “சிஸ்டமேட்டிக்கா லிட்ரேச்சர் சர்ச் பண்ணிட்டு வாங்க.” மாணவர் கூகுள் ஸ்காலரைத் திறந்து தலைப்பைத் தட்டுகிறார். முதல் நாலைந்து பக்கத்தில் கண்ணில் பட்டதை எல்லாம் இறக்குகிறார். நாற்பது பி.டி.எஃப். சேர்ந்ததும் முடிந்தது என்று மூடிவிடுகிறார். அதுவும் தேடல்தான். ஆனால் சிஸ்டமேட்டிக் தேடல் ஆகாது.

ஒரு கேள்விக்குப் பொருந்தும் ஆய்வுகளை எல்லாம் முறையாகத் தேடித் திரட்டி ஒன்றாக எடைபோடுவதுதான் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. அதற்கான தேடலுக்கு இரண்டு நிபந்தனைகள். கேள்விக்குப் பொருந்தும் ஆய்வுகள், உங்களுக்குப் பிடித்த முடிவைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், கூடுமானவரை எல்லாமே கிடைத்தாக வேண்டும். எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களை எந்த வரிசையில் கொடுத்தீர்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். உங்களை முன்பின் தெரியாத ஒருவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அதே தேடலைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும்.

கூகுள் ஸ்காலர் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் தோற்கிறது. லட்சம் முடிவு இருப்பதாகக் காட்டினாலும் முதல் 1000க்கு மேல் பார்க்க விடாது. தேடல் பெட்டியில் 256 எழுத்துக்கு மேல் இடமில்லை. முடிவுகளை எந்தக் கணக்கில் அடுக்குகிறது என்று வெளியே சொல்வதில்லை; இன்று மேலே இருப்பது அடுத்த மாதம் கீழே போயிருக்கும். அதற்காக ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. மற்ற தரவுத்தளங்களில் முறையாகத் தேடிய பிறகு, விட்டுப்போனது ஏதும் உண்டா என்று ஸ்காலரில் முதல் 200, 300 முடிவுகளைப் பார்ப்பது நல்ல பழக்கம். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதுதான் சிக்கல்.

நூலகர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார்

நூலகம் என்றால் புத்தகம் எடுக்கும் கவுன்டர், நோ-டியூஸ் கையெழுத்து என்று மட்டும் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். மருத்துவ, செவிலியர், பொறியியல் கல்லூரி நூலகங்களில் தரவுத்தளத் தேடல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது “இந்தத் தலைப்பில் கட்டுரை எடுத்துக் கொடுங்க” என்பதல்ல. கேள்வியைத் தேடக்கூடிய துண்டுகளாக உடைக்க, ஒவ்வொரு துண்டுக்கும் சொற்களைத் திரட்ட, பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்துக்கு எழுதிய தேடலை மற்ற தரவுத்தளங்களின் இலக்கணத்துக்கு மாற்ற, முடிவுகளை ஒழுங்காக இறக்க உதவி கேளுங்கள்.

எந்தக் கட்டுரையைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று நூலகர் முடிவு செய்யமாட்டார், செய்யவும் கூடாது. அது பாடம் தெரிந்த உங்கள் வேலை. புள்ளியியலும் அவர் பொறுப்பில்லை. உங்களுக்குப் பதிலாக மூவாயிரம் தலைப்புகளைப் படிப்பதும் அவர் வேலையில் வராது.

வேலூருக்கு இதில் கொஞ்சம் பழைய உறவு உண்டு. மருத்துவத்தில் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கு இலக்கணம் வகுத்த காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் சி.எம்.சி.யிலிருந்துதான் இயங்கியது. ஆக இந்த ஊரில் “காக்ரேன் ரிவ்யூ” என்ற பேச்சே யாருக்கும் அந்நியமில்லை.

போக வேண்டிய நேரம், கேள்வி ஓரளவு உருவாகி, தேடல் இன்னும் தொடங்காத கட்டம். வெள்ளிக்கிழமை சினாப்சிஸ் கொடுக்க வேண்டும் என்று வியாழக்கிழமை மாலை வந்து நிற்பவருக்கு எந்த நூலகராலும் உதவ முடியாது. ரிவ்யூக்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் ப்ராஸ்பரோ என்ற பதிவேட்டில் உள்ளவற்றைப் பற்றி 2017இல் வெளியான ஓர் ஆய்வு, பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரியாக 67 வாரம் ஆகிறது என்று கணக்கிட்டது. ஆறு மாதம்தான் கையில் இருக்கிறது, கூட வேலை செய்ய இரண்டாவது ஆள் இல்லை என்றால், கைடிடம் பேசி “சிஸ்டமேட்டிக் ரிவ்யூ” என்ற பெயரையே விட்டுவிடுவது நல்லது. சாதாரண ரிவ்யூவை ஒழுங்கான தேடலோடு செய்தால் அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அரைகுறையாகச் செய்ததை ஜர்னல் ரிவ்யூவர் இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். கையில் இருக்க வேண்டியவை: ஒரே வாக்கியத்தில் எழுதிய கேள்வி, எந்த வகை ஆய்வைச் சேர்ப்பீர்கள், எதைத் தள்ளுவீர்கள் என்ற அரைப்பக்கக் குறிப்பு, இந்தக் கேள்விக்குக் கண்டிப்பாகப் பொருந்தும் என்று உங்களுக்கே தெரிந்த ஐந்து முதல் பத்துக் கட்டுரைகள். கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலும் மறந்துவிட்டு வருகிறார்கள். பின்னால் தேடலைச் சோதிப்பதற்கு அந்தக் கட்டுரைகளே உரைகல்.

இதே கேள்விக்கு ஏற்கெனவே யாராவது ரிவ்யூ செய்திருக்கிறார்களா என்று காக்ரேன் நூலகத்திலும் ப்ராஸ்பரோ பதிவேட்டிலும் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். ப்ராஸ்பரோ, இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் 2011 முதல் நடத்திவரும் இலவசப் பதிவேடு. உங்கள் ரிவ்யூவையும் அங்கே பதிய வேண்டியிருக்கும். கட்டுரைகளிலிருந்து தரவு எடுக்கத் தொடங்கும் முன்பே பதிய வேண்டும். ஒரு தலைப்பில் என்னென்ன ஆய்வுகள் உண்டு என்று பரப்பை மட்டும் அளக்கும் ஸ்கோப்பிங் ரிவ்யூக்களை அங்கே ஏற்பதில்லை.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாத ஒரு விஷயம்: டேனரி வேலை, அதாவது தோல் பதனிடும் வேலை. “டேனரித் தொழிலாளர்களுக்கு என்னென்ன தோல் நோய்கள், எந்த அளவில் வருகின்றன?” என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம்.

சிகிச்சை பற்றிய கேள்வி என்றால் நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்று நான்காக உடைப்பார்கள். பிக்கோ என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இங்கே சிகிச்சையும் இல்லை, ஒப்பீடும் இல்லை. இரண்டே துண்டு: டேனரித் தொழிலாளர், தோல் நோய். தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தை மூன்றாவது துண்டாகச் சேர்க்கலாமா? பலருக்கும் அப்படித்தான் கை போகும். சேர்க்காதீர்கள். “டேனரித் தொழிலாளர்களிடம் தோல் நோய்கள்” என்று கணக்கெடுத்த ஒரு கட்டுரையின் சுருக்கத்தில் குரோமியம் என்ற சொல்லே இல்லாமல் போகலாம். உள்ளே மூன்றாவது அட்டவணையில் இருக்கும். தரவுத்தளம் பார்ப்பது தலைப்பையும் சுருக்கத்தையும்தான். துண்டு கூடக்கூட, தவறவிடும் கட்டுரையும் கூடும். தேடலில் துண்டுகளைக் குறைத்து, படிக்கும்போது கழிப்பதே பாதுகாப்பு.

நூலகர் இந்தக் கட்டத்தில் ஒரு கேள்வி கேட்பார்: குரோமியத்தால் மூக்குத் தண்டில் துளை விழுவது உங்கள் கணக்கில் வருமா? தோல் மட்டுமா? இதற்கு அன்றே பதில் எழுதிவிடுங்கள். பாதித் தேடலுக்குப் பிறகு மாற்றினால் எல்லாத் தரவுத்தளத்தையும் திரும்பத் தொட வேண்டும்.

சொற்களைத் திரட்டுவது

தேடும்போது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் தட்டப் போகிறீர்கள். இங்கே படிக்கும் வசதிக்குத் தமிழ் எழுத்தில் தருகிறோம்.

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு வகைச் சொற்கள் தேவை. ஒன்று, தரவுத்தளமே கட்டுரைக்கு ஒட்டும் நிலையான தலைப்பு. பப்மெட்டில் அதற்கு மெஷ் என்று பெயர். கட்டுரை எழுதியவர் என்ன சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும் பொருள் ஒன்றாக இருந்தால் ஒரே மெஷ் தலைப்பின் கீழ் வந்துவிடும். இன்னொன்று, ஆசிரியர்கள் தலைப்பிலும் சுருக்கத்திலும் எழுதும் சாதாரணச் சொற்கள். மெஷ் இருக்கும்போது இது எதற்கு? பப்மெட்டில் இருக்கும் எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் ஒட்டப்படுவதில்லை. புத்தம் புதியவற்றுக்கு இன்னும் ஒட்டியிருக்கமாட்டார்கள். சில இதழ்களின் கட்டுரைகளுக்கு எப்போதுமே ஒட்டமாட்டார்கள். ஒன்றை மட்டும் நம்பினால் மற்றது போய்விடும்.

முதல் துண்டு. மெஷ்ஷில் “டேனிங்” என்றொரு தலைப்பு உண்டு. அது தோல் பதனிடுவதைக் குறிப்பது. வெயிலில் உடம்பு கறுப்பதற்கு “சன்டேன்” என்று வேறு தலைப்பு. மெஷ்ஷில் இரண்டும் தனித்தனியாக இருப்பதால் குழப்பமில்லை. அதே “டேனிங்” என்பதைச் சாதாரணச் சொல்லாகக் கொடுத்துப் பாருங்கள்: அழகு நிலையத்தில் ஒளிப் படுக்கையில் படுத்து நிறம் மாற்றுவது, அதனால் வரும் தோல் புற்றுநோய் என்று வெள்ளைக்கார நாடுகளின் ஆய்வுகள் வரிசைகட்டி வரும். நம் இரண்டாவது துண்டும் தோல் நோய் என்பதால் அவை ஒன்றுகூடக் கழியாது.

சரி, சொல்லின் அடியை மட்டும் கொடுத்து நட்சத்திரக் குறி போடலாம் என்று தோன்றும். நட்சத்திரம் போட்டால் அதன் பிறகு எந்த எழுத்து வந்தாலும் எடுக்கும். பப்மெட்டில் அதற்கு முன் குறைந்தது நான்கு எழுத்து இருக்க வேண்டும். “டேனர்” என்று எழுதி நட்சத்திரம் போட்டால் டேனரி, டேனரீஸ், டேனர்ஸ் எல்லாம் வரும். கூடவே குழந்தைகள் மருத்துவத்தில் பருவமடைதலை அளக்கும் “டேனர் நிலை” பற்றிய கட்டுரைகள் அத்தனையும் வரும். பருவ வயது என்றால் முகப்பரு உண்டு, முகப்பரு தோல் நோய்; எனவே இவையும் கழியாது. தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் பெயர் என்று எந்தப் பகுதியில் தேடுவது என்பதை, அதாவது புலத்தை, குறிப்பிடாமல் தேடினால் டேனர் என்ற பெயருள்ள ஆசிரியர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

இதற்கு மருந்து, வேண்டாத சொல் உள்ளவற்றை நீக்கும் “நாட்” போட்டு வெட்டுவது என்று நினைக்காதீர்கள். “சன்டேன் வேண்டாம்” என்று வெட்டினால், டேனரித் தொழிலாளர்களைப் பற்றி எழுதிவிட்டு வெயிலையும் ஒரு வரியில் குறிப்பிட்ட நல்ல கட்டுரையும் வெட்டுப்படும். வெட்டியது கண்ணுக்கும் தெரியாது. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு டேனரி, டேனரீஸ், “லெதர் ஒர்க்கர்”, “லெதர் இண்டஸ்ட்ரி” என்று வேண்டிய வடிவங்களை ஒவ்வொன்றாக எழுதி “ஆர்” போட்டு இணையுங்கள்; அவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எடுக்கும். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் வைத்து அதன் கடைசியில் நட்சத்திரம் போட்டால் ஒருமை, பன்மை இரண்டும் கிடைக்கும். எல்லாவற்றையும் தலைப்பு, சுருக்கம் என்ற புலத்துக்குள் அடக்குங்கள்.

இரண்டாவது துண்டில் இன்னொரு பள்ளம். “ஸ்கின் டிசீசஸ்” என்ற மெஷ் தலைப்பைக் கொடுத்தால் அதன் கீழ் இருக்கும் தொழில்சார் தோல் அழற்சி, எக்சிமா, பூஞ்சைத் தொற்று, தோல் புண் என எல்லாக் கிளைகளையும் பப்மெட் தானே சேர்த்துக்கொள்ளும். சாதாரணச் சொல்லில் “டெர்மட்” என்ற அடிக்கு நட்சத்திரம், எக்சிமா, குரோமியத்தால் வரும் புண்ணான “குரோம் அல்சர்” ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஆனால் “ஸ்கின்” என்று வெறுமனே கொடுக்காதீர்கள். தோல் வேதியியல்காரர்களுக்கு ஸ்கின் என்றால் ஆட்டுத் தோல். டேனரி, ஸ்கின் இரண்டும் சேர்ந்தால் ஆட்டுத் தோலில் மயிர் நீக்குவது பற்றிய கட்டுரைகளில் மூழ்கிவிடுவீர்கள். “ஸ்கின் டிசீஸ்”, “ஸ்கின் லீஷன்” என்று சொற்றொடராகக் கொடுங்கள். இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் இல்லாமல் இடையில் ஒன்றிரண்டு சொல் வரலாம் என்றால் அதற்கும் பப்மெட்டில் வழி உண்டு: மேற்கோளுக்குப் பின் புலத்தின் பெயரோடு அலைக்குறியும் எண்ணும் சேர்த்தால், அத்தனை சொல் இடைவெளிக்குள் இருப்பதை எடுக்கும். அப்படிச் செய்யும்போது நட்சத்திரம் வேலை செய்யாது.

இப்போது தேடல் ஏழு வரியில் நிற்கும்:

1. டேனிங் (மெஷ்)
2. டேனரி ஆர் டேனரீஸ் ஆர் “லெதர் ஒர்க்கர்” ஆர் “லெதர் இண்டஸ்ட்ரி” (தலைப்பு, சுருக்கம்)
3. வரி 1 ஆர் வரி 2
4. ஸ்கின் டிசீசஸ் (மெஷ்)
5. டெர்மட் நட்சத்திரம் ஆர் எக்சிமா ஆர் “ஸ்கின் டிசீஸ்” ஆர் “ஸ்கின் லீஷன்” ஆர் “குரோம் அல்சர்” (தலைப்பு, சுருக்கம்)
6. வரி 4 ஆர் வரி 5
7. வரி 3 ஆண்ட் வரி 6 (இரண்டிலும் வருபவை மட்டும்)

இதை முழுமையான பட்டியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எலும்புக்கூடுதான். இப்படி வரிவரியாகச் செய்வதற்குக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் நீளமாக எழுதினால், பப்மெட் இடமிருந்து வலமாகவே படித்துக்கொண்டு போகும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் பொருள் தலைகீழாகிவிடும், எங்கே தப்பு என்றும் தெரியாது. வரிவரியாக இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் எத்தனை முடிவு என்று பார்க்கலாம். ஒரு வரி பூஜ்யம் காட்டினால் அங்கே எழுத்துப் பிழை இருக்கலாம். “ஆண்ட்”, “ஆர்”, “நாட்” மூன்றையும் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

அட்வான்ஸ்டு பக்கத்தில் ஹிஸ்டரியின் கீழ் “டீட்டெய்ல்ஸ்” என்றிருக்கும். அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். புலம் குறிப்பிடாமல் நீங்கள் கொடுத்த சொல்லைப் பப்மெட் எப்படியெல்லாம் மாற்றிப் புரிந்துகொண்டது என்பது அங்கேதான் தெரியும். சும்மா விட்டால் எட்டு மணி நேரத்தில் ஹிஸ்டரி அழிந்துவிடும். ஆகவே இலவசமாகக் கிடைக்கும் மை என்.சி.பி.ஐ. கணக்கில் சேமித்துவிடுங்கள், வேர்டு கோப்பிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

பக்கவாட்டில் இருக்கும் வடிகட்டிகளைத் தொடவேண்டாம். “ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்” என்பதைச் சொடுக்கினால் காசு கொடுத்துப் படிக்க வேண்டிய ஆய்வுகள் எல்லாம் இல்லாததுபோல் ஆகிவிடும். “ஹியூமன்ஸ்” என்ற வடிகட்டி மெஷ்ஷை நம்பி நிற்பது. மெஷ் ஒட்டாத கட்டுரைகளை ஓசையில்லாமல் தள்ளிவிடும். “கடைசி 5 ஆண்டு” என்பதற்குப் பாடரீதியான காரணம் இருந்தால் ஒழியப் போடாதீர்கள். ஆங்கிலம் மட்டும் என்பதும் அப்படியே. இத்தாலியில் பெரிய டேனரித் தொழில் உண்டு. அங்கே தொழில் மருத்துவக் கட்டுரைகள் இத்தாலிய மொழியிலேயே வந்திருக்கின்றன.

ஊர்ப்பெயர் சேர்க்கும்போது

கேள்வி உலகம் முழுவதற்கும் என்றால் ஊர்ப்பெயரே வேண்டாம். “நம் வட்டாரத்தில் மட்டும்” என்று கைடு சொன்னால் மாவட்ட வரலாறு தெரிந்திருக்க வேண்டும். பழைய கட்டுரைகளில் இந்த ஊர் “நார்த் ஆற்காட்”. 1989இல் மாவட்டம் பிரிந்ததும் “நார்த் ஆற்காட் அம்பேத்கர்”. பிறகு “வேலூர்”. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. 2010இல் ஆம்பூரில் செய்த ஆய்வு வேலூர் மாவட்டம் என்று எழுதும். இன்று அதே ஊரில் செய்தால் திருப்பத்தூர் மாவட்டம். எனவே எல்லாப் பெயரும் “ஆர்” போட்டுச் சேர வேண்டும். “தமிழ்நாடு” என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகவும் இரண்டு சொல்லாகவும் எழுதுவார்கள், 1969க்கு முன் அது “மெட்ராஸ்”. ராணிப்பேட்டைக்கு ராணிப்பேட், ராணிப்பேட்டை என்று இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டல். திருப்பத்தூருக்கு இன்னும் அதிகம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரும் கலந்து வரும். அதைப் படிக்கும்போது தள்ளிக்கொள்ளலாம்.

“வேலூர்” என்பதைப் புலம் இல்லாமல் தேடினால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆசிரியர் முகவரியில் வேலூர் இருக்கும் கட்டுரைகள் எல்லாம் வந்து விழும். சி.எம்.சி.யும் வி.ஐ.டி.யும் இருக்கும் ஊர் இது. ஜார்க்கண்டில் செய்த மலேரியா ஆய்வாக இருந்தாலும், எழுதியவர்களில் ஒருவர் இங்கே இருந்தால் போதும்.

தேடல் சரிதானா என்று சோதிப்பது

கொண்டுபோன ஐந்து, பத்துக் கட்டுரைகளை இப்போது எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பப்மெட்டில் பி.எம்.ஐ.டி. என்ற எண் இருக்கும். அந்த எண்களை “ஆர்” போட்டு ஒரு வரியாகத் தேடுங்கள். அது வரி 8. பிறகு “வரி 8 நாட் வரி 7” என்று கொடுங்கள். “நாட்” உருப்படியாகப் பயன்படும் இடம் இதுதான். முடிவு பூஜ்யம் என்றால் உங்கள் தேடல் எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. இரண்டு கட்டுரை மிஞ்சினால், அவற்றைத் திறந்து தலைப்பு, சுருக்கம், மெஷ் மூன்றையும் பாருங்கள். “ஃபுட்வேர் ஒர்க்கர்ஸ்” என்று எழுதியிருக்கலாம். ஷூ கம்பெனித் தொழிலாளர் உங்கள் கணக்கில் வருவார்களா என்று முடிவு செய்து, வந்தால் அந்தச் சொல்லைச் சேருங்கள். திரும்ப ஓட்டுங்கள்.

முடிவு எத்தனை வந்தால் சரி என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு விதி இல்லை. ஆனால் கையில் இருக்கும் ஆள்பலத்தோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து முடிவெடுக்க ஒரு நிமிடம் என்றால் 3000 பதிவுக்கு 50 மணி நேரம். இரண்டு பேர் தனித்தனியே படிக்க வேண்டும் என்பதால் இரட்டிப்பு.

வசதி இருந்தால் இன்னொரு நூலகரிடம் தேடலைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இதற்கென்று பிரெஸ் என்ற வழிகாட்டி உண்டு, 2015இல் புதுப்பித்தது. கேள்வி சரியாகத் துண்டானதா, ஆண்ட்–ஆர் சரியா, மெஷ் சரியா, சாதாரணச் சொற்கள் போதுமா, எழுத்துப் பிழையோ வரி எண் பிழையோ உண்டா, வடிகட்டி தேவைதானா என்று ஆறு கோணத்தில் பார்க்கச் சொல்கிறது. இந்தச் சரிபார்ப்பில் அதிகம் அகப்படுவது வரி எண் பிழைதான்: நடுவில் ஒரு வரி சேர்த்ததும் கீழே இருக்கும் எண்கள் நகர்ந்திருக்கும், “வரி 3 ஆண்ட் வரி 6” மட்டும் பழையபடியே இருக்கும்.

சாட் செயலிகளிடம் தேடல் எழுதித் தரச் சொல்பவர்கள் இப்போது அதிகம். மாற்றுச் சொற்களை நினைவுபடுத்த அவை உதவும். ஆனால் இல்லாத மெஷ் தலைப்பை இருப்பதுபோல் எழுதித் தரும். ஒவ்வொன்றையும் மெஷ் தளத்தில் தேடிப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

மற்ற தரவுத்தளங்களும் கண்டெடுக்க வேண்டியவையும்

பப்மெட் ஒன்று போதாது. எம்பேஸில் பப்மெட்டில் இல்லாத இதழ்களும் மாநாட்டுச் சுருக்கங்களும் உண்டு. செவிலியர் துறைக்கு சினால், எல்லாத் துறைக்கும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ். உங்கள் கல்லூரி எதற்குச் சந்தா கட்டியிருக்கிறது என்பது நூலகத்துக்குத்தான் தெரியும்.

தேடலை அப்படியே வெட்டி ஒட்ட முடியாது. எம்பேஸுக்குச் சொந்தத் தலைப்புப் பட்டியல் இருக்கிறது, சினாலுக்கும் அப்படியே. மெஷ் சொல் அங்கே அதே வடிவில் இருக்கும் என்று நம்பக் கூடாது. பப்மெட் கிளைத் தலைப்புகளைத் தானே சேர்க்கும்; சினாலில் “எக்ஸ்ப்ளோட்” என்ற கட்டத்தில் நீங்கள் குறியிட வேண்டும். மறந்தால் எக்சிமா, புண் எல்லாம் விட்டுப்போய், மொத்த எண்ணிக்கை சந்தேகப்படும்படி குறையும். இடைவெளிக் குறியும் மாறும்: வெப் ஆஃப் சயின்ஸில் “நியர்”, ஸ்கோபஸில் “டபிள்யூ” போட்டு எண். பாண்டு பல்கலைக்கழகத்தின் பாலிகிளாட் என்ற இலவசக் கருவி இந்தக் குறிகளை மாற்றித் தரும். தலைப்புச் சொற்களை மட்டும் நீங்களே தேடிப் போட வேண்டும்.

இதழ்களில் வராதவையும் உண்டு. டேனரி விஷயத்தில் அவை நிறையவே. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் எம்.டி. ஆய்வேடுகள் இருக்கின்றன, பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. சென்னை அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றின் அறிக்கைகளைப் பாருங்கள். பாலாற்று மாசு பற்றிய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நோய்க் கணக்கு கிடைக்காது. அதை ஒட்டி அமைத்த குழுக்களின் அறிக்கைகளைத் தேட ஒரு நூல்முனை கிடைக்கும். சிகிச்சையை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வு (கிளினிக்கல் ட்ரயல்) பற்றிய கேள்வியாக இருந்தால் 2007 முதல் நடக்கும் இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யையும் விடக்கூடாது. எங்கே பார்த்தாலும் தேதியையும் தட்டிய சொல்லையும் குறித்து வையுங்கள்.

இறக்குவதில் நடக்கும் சின்னத் தப்புகள்

பப்மெட்டில் “சேவ்” அழுத்தினால் முதலில் காட்டுவது “இந்தப் பக்கத்தில் உள்ளவை” மட்டும். கவனிக்காமல் விட்டால் 800 முடிவில் 10 மட்டும் இறங்கும். அது தெரியாமலேயே படிக்க உட்கார்ந்துவிடுவீர்கள். “ஆல் ரிசல்ட்ஸ்” என்று மாற்றுங்கள். ஒரே நேரத்தில் 10,000 வரை இறக்கலாம். சி.எஸ்.வி. வடிவத்தில் இறக்கினால் சுருக்கம் வராது. “பப்மெட்” வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். தரவுத்தளத்துக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரிலேயே தளம், தேதி, எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும்.

இதையெல்லாம் சோட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் கொட்டி, இரட்டிப்புகளை நீக்குங்கள். நீக்கும் முன் மொத்தம் எத்தனை, நீக்கிய பின் எத்தனை என்று எழுதிய பிறகே நீக்க வேண்டும். ரிவ்யூவை எழுதும் முறைக்கான பிரிஸ்மா 2020 வழிகாட்டியின் ஓட்டப்படத்தில் இந்த எண்களைக் கேட்பார்கள். பின்னால் நினைவிலிருந்து எடுக்க முடியாது. இரண்டு பேர் தனித்தனியே படித்துக் குறியிட ரயான் என்ற தளம் வசதி.

முழுக் கட்டுரை கிடைக்காதபோது டாலரில் காசு கட்டாதீர்கள். மத்திய அரசின் “ஒரு நாடு, ஒரு சந்தா” திட்டத்துக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்து, 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் அடக்கம். முதல் கட்டம் அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு. தனியார் கல்லூரியில் இருப்பவர்கள் தங்கள் நூலகத்தின் சந்தாவையும், டெல்நெட் என்ற நூலக வலையமைப்பு வழியாக வேறு நூலகத்திலிருந்து வரவழைப்பதையும் கேட்கலாம். கட்டுரை ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். எவ்வளவு முயன்றும் கிடைக்காதவை எத்தனை என்பதும் ஓட்டப்படத்தில் ஓர் எண்.

எழுதும்போது

தேடலை எழுதுவதற்கென்றே பிரிஸ்மா-எஸ் என்று 16 அம்சப் பட்டியல் இருக்கிறது. அதில் மாணவர்கள் அதிகம் விடுவது, எந்தத் தரவுத்தளத்தை எந்த நிறுவனத்தின் தளம் வழியாகப் பார்த்தோம் என்பதும், எல்லாத் தரவுத்தளத்தின் தேடலையும் வரிக்கு வரி பிற்சேர்க்கையில் தருவதும். “பப்மெட், ஸ்கோபஸ் ஆகியவற்றில் உரிய சொற்களால் தேடினோம்” என்ற ஒற்றை வரியை எந்த நல்ல இதழும் ஏற்காது. தேடலைத் திரும்பத் தட்டாதீர்கள். திரையிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். தட்டும்போதுதான் மேற்கோள் குறி வளைந்து போகும், நட்சத்திரம் காணாமல் போகும்.

நூலகர் ஒரு மணி நேரம் ஆலோசனை சொன்னால் நன்றியுரையில் பெயர் போதும். தேடலையே வடிவமைத்து, எல்லாத் தளத்திலும் ஓட்டி, முறையியல் பகுதியில் தேடல் பத்தியை எழுதித் தந்தால் அவர் இணை ஆசிரியர். இதை முதல் சந்திப்பிலேயே கைடு முன்னிலையில் பேசிவிடுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசினால் இரு பக்கமும் சங்கடம்.

வெளியிடும் நாளுக்கும் கடைசித் தேடலுக்கும் இடையே 12 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது காக்ரேன் விதி. மற்ற இதழ்களும் இதை எதிர்பார்க்கின்றன. திரும்பத் தேடும்போது கட்டுரை வெளியான தேதியை வைத்து வடிகட்டாதீர்கள். 2023இல் வெளியான கட்டுரை தரவுத்தளத்துக்குள் 2025இல் வந்து சேர்ந்திருக்கலாம். வெளியான தேதியை வைத்தால் அது இரண்டு முறையும் நழுவும். பப்மெட்டில் பதிவு உருவான தேதிக்குத் தனிப் புலம் இருக்கிறது. முந்தைய தேடல் நாளுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து அந்தப் புலத்தில் தேடி, வந்ததைப் பழைய கோப்போடு ஒப்பிட்டு இரட்டிப்பு நீக்கினால், படிக்க வேண்டிய புதுக் கட்டுரைகள் மட்டும் மிஞ்சும்.